அசல் குங்குமப்பூ

குங்குமப்பூ சாதம் செய்வது சமையலல்ல, தவம் என்று ஓய்வுபெற்ற பொறியாளர் சிதம்பரநாதன் அறிவித்தபோது, மகளைப் பெண்பார்த்துப்போன வீட்டார் விருந்துக்கு வர ஒரு மணி நேரம்தான் இருந்தது. கையில் ஒரு கிராம் டப்பா. அசல்தானா என்று அறிய, ஒரு பெரிய சிட்டிகை எடுத்து ஒரு டம்ளர் வெதுவெதுப்பான பாலில் போட்டார். நிறம் மெல்ல இறங்கியது. அசல்தான். "கடைக்காரன் மேலாப்புல மட்டும் நல்லதா வச்சிருப்பான்" என்று நடுவிலிருந்து எடுத்து இன்னொரு டம்ளரில் போட்டார். பிறகு அடியிலிருந்து. பிறகு நாலு மூலைகளிலிருந்தும், மூலைக்கொரு டம்ளராக.

"ஏங்க, மாசமா இருக்கிறவளுக்கே ரெண்டு இழைதான் போடுவாங்க. டப்பாவக் குடுங்க" என்று அடுப்படியிலிருந்து மனைவி வேதவல்லி கத்தினாள்.

"தரப் பரிசோதனை முடியட்டும், வேதா."

முடிந்தபோது டப்பாவில் ஓர் இழைகூட இல்லை.

"சரி, அந்தப் பாலையாவது குடுங்க. சாதத்துல ஊத்தித் தொலைக்கிறேன்."

சிதம்பரநாதன் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வாசலில் கார் வந்து நின்றது. வேதவல்லி மஞ்சள்தூள் டப்பாவைத் திறந்தாள்.

ஏழு டம்ளர் பாலையும் அவர் குடித்திருந்தார்.