கரை சேர்ந்த புள்ளி

புள்ளி நடு ஆற்றில் நின்றது.

மேரிறோஸ் கைபேசியின் வரைபடத்தை விரலால் பெருப்பித்துப் பார்த்தாள். சுற்றிவர நீலம். அதற்குள் மகள் துசியந்தியின் புள்ளி நாற்பது நிமிடமாக அசையவில்லை. அழைப்பெடுத்தால் மணி போகவில்லை.

வீட்டில் ஒரு கோப்பை கழுவப் பஞ்சிப்படுகிறவள், பல்கலைக்கழகத்தாரோடு ஐஸ்லாந்துக்கு ஆறு அளக்கப் போயிருந்தாள். பனிமலை உருகி வரும் ஆறாம். வெயில் ஏற ஏறத் தண்ணீரும் ஏறுமாம். தான் உருட்டிவந்த கல்லாலேயே தன் வழியை அடைத்துவிட்டு, வேறு பக்கத்தால் உடைத்துக்கொண்டு ஓடுமாம். போகுமுன் அவள் சொன்னபோது மேரிறோஸ் வெங்காயம் அரிந்தபடி ஓம், ஓம் என்றிருந்தாள்.

பிளேஸ்டோவில் மேரிறோஸின் வீட்டில் அன்று மடு மாதா நவநாள். முன்னறை நிறையப் பங்குப் பெண்கள். பியற்றிஸ் அக்கா கைபேசியை எட்டிப் பார்த்தாள். முகம் வெளிறிப்போனது.

“பிள்ளை கரைக்கு வரோணும் எண்டு மாதாவிட்டக் கேளுங்கோ. எல்லாரும் முழந்தாளிடுங்கோ.”

செபமாலை உருண்டது. அடுப்பில் கடலை கரிந்து மணத்தது. ஒருவரும் எழும்பவில்லை.

செபமாலையின் நான்காம் பத்து மணிகள் முடிகையில் துசியந்தியின் செய்தி வந்தது.

“அம்மா, மேப்பைப் பாத்துப் பயப்பிடாதேங்கோ. அது பழசு. ஆறு போன கிழமை இடம் மாறிட்டுது. நாங்கள் நிக்கிறது காய்ஞ்ச கல்லு. மேப்பில பச்சையாக் கிடக்கிற கரையாலதான் இப்ப ஆறு பாயுது. அங்கால ஒருத்தரும் போகேலாது.”

மேரிறோஸுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. பிள்ளைக்கு ஒன்றுமில்லை. எல்லோருக்கும் சொல்ல வாயெடுத்தாள்.

அப்போது புள்ளி அசைந்தது.

நீலத்தின் விளிம்புக்கு வந்தது. அதைத் தாண்டியது. பச்சைக்குள் போய் நின்றது.

“கரைக்கு வந்திட்டாள்!”

பியற்றிஸ் அக்கா அவளைக் கட்டிப்பிடித்து நெற்றியில் கொஞ்சினாள். பெண்கள் எழுந்து மாதாவுக்கு நன்றிப் பாட்டெடுத்தார்கள்.

மேரிறோஸ் முழந்தாளை விட்டு எழவில்லை. ஐந்தாம் பத்து மணிகளைத் தனியே தொடங்கினாள்.

தாயே, என் பிள்ளையைத் திரும்ப அந்த ஆற்றுக்குள்ளேயே கொண்டுபோய் விடு.