கடைசிக் கிணறு

"எங்கப்பன் மூஞ்சியக் கடைசியாப் பார்க்கக்கூட லீவு தராத ஆளு. நான் ஊர்ல மாலையும் கழுத்துமா நிக்கையில, அந்த இன்ஜினியர் இந்த வெயில்ல நாயா அலையணும்" என்றான் சேதுபதி, பெட்டியைக் கட்டியபடி.

ஓமான் எல்லையோரப் பாலைவனத்தில் நிலத்தடி நீரைக் கண்காணிக்கும் கேம்ப் அது. கிணறுகளில் சாம்பிள் எடுப்பது சேதுபதியின் டூட்டி.

"அப்படி என்ன செஞ்சே?" என்றான் ரூம்மேட் ஜெயசீலன்.

"காலையில தெரியும்."

விடிந்ததும் ஏர்போர்ட் வண்டியில் ஏறப்போனவனை இன்ஜினியர் சுஜந்தன் மறித்தார்.

"கடைசிக் கிணத்துத் தண்ணி திடீரெண்டு உப்பாப் போச்சு. சென்சர் காட்டுது. மேலிடத்தில தினமும் சாம்பிள் கேக்கினம்."

சேதுபதி சிரிப்பை அடக்கிக்கொண்டான். "கஷ்டந்தான் சார்."

"அந்தக் கிணறு தெரிஞ்ச ஆள் நீர் ஒருத்தர்தான். தண்ணி பழையபடி வரும்வரைக்கும் நீர் அங்கதான். உம்மட டிக்கெட்டைக் கேன்சல் பண்ணியாச்சு."

"சார், வெள்ளிக்கிழமை எனக்குக் கல்யாணம்..."

"கலாஸ், கதை முடிஞ்சுது. போய் யூனிபார்மைப் போடும்."

பெட்டி கைநழுவிக் கீழே விழுந்தது.

மெஸ் வாசலிலிருந்து சமையல்காரர் கத்தினார். "ஸ்டோர்ல இருந்த உப்பு மூட்டையக் காணோம். எந்தப் பாவிடா தூக்கிட்டுப் போனது?"