எட்டாவது சீட்டு

ஷோரூமில் நின்ற புது வேனின் கதவை அவர் ஒரு விரலால் இழுத்தார். சத்தமில்லாமல் திறந்தது.

படி தாழ்ந்திருந்தது. கூட்டி வந்த வீட்டுப் பெரியவருக்கு வலது முட்டி மடங்காது. இதில் இடது காலை வைத்தே ஏறிவிடலாம்.

தலையை உள்ளே விட்டு எண்ணினார். முன்னால் இரண்டு. நடுவில் மூன்று. பின்னால் மூன்று.

எட்டு.

பெரியவர், அவர் மனைவி, மகன் பொன்பாண்டி, மருமகள் ஜெயசெல்வி, பிள்ளைகள் மூன்று. ஏழு பேர்.

ஓட்டுகிறவர் ஒருவர்.

பதினொரு வருஷமாக அந்த வீட்டுக்கு வாடகை வேன் ஓட்டியவர் அவர். குற்றாலம், திருச்செந்தூர், காதுகுத்து, முட்டி ஆபரேஷன், எதுவானாலும் அவருக்குத்தான் போன் வரும். கடைக்குட்டி தர்ஷிகா பிறந்து மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்ததும் அவர் வண்டியில்தான். அன்றைக்குத் திருநெல்வேலியிலிருந்து சங்கரன்கோவில் வரைக்கும் மூன்றாவது கியரை அவர் தாண்டவில்லை.

போன ஐப்பசியில் அந்த வேன் பழைய இரும்பு எடைக்குப் போயிற்று. துட்டி வீட்டில் துக்கம் கேட்க வந்தவன் போல வந்து உட்கார்ந்திருந்தான் பொன்பாண்டி. நாங்களே ஒரு வண்டி எடுக்கப் போகிறோம், நீங்கள்தான் ஓட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனான்.

அதன் பிறகு அவர் வேறு வண்டி எதற்கும் போய்க் கேட்கவில்லை.

இன்றைக்கு, எதை எடுக்கலாம் என்று பார்த்துச் சொல்வதற்காகக் கூட்டி வந்திருந்தார்கள்.

அவர் சொன்னார். ஒவ்வொன்றாகச் சொன்னார். முட்டிக்கு இந்தப் படிதான் தோது. சோற்றுப் பாத்திரமெல்லாம் பின்னால் சாயாமல் நிற்கும். தர்ஷிகாவுக்கு வளைவில் குமட்டும், இதில் சன்னல் பெரிது.

எட்டு என்பதை மட்டும் சொல்லவில்லை.

பக்கத்தில் அந்தப் பெரிய கார் நின்றது. மூன்று வரிசை. ஏழு சீட்டு. முகப்பே நெஞ்சு உயரம் இருந்தது.

ஜெயசெல்வி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். மனசு கெட்டவள் இல்லை. வண்டி நிற்கிற இடத்திலெல்லாம் முதல் இலையை அவருக்குத்தான் போடுவாள்.

"வேன் எடுத்தா வாடகை வண்டி கணக்கால்லா இருக்கும், அண்ணாச்சி."

யாரிடம் சொன்னோம் என்பது சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. வளையலைத் திருகினாள்.

அவர் சிரித்தார். அதுவும் சரிதாம்மா என்றார்.

பொன்பாண்டி பெரிய காரில் ஏறி ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தான். கண்ணாடியைத் தன் முகத்துக்குத் திருப்பினான்.

அவன் லைசென்ஸ் எடுத்து மூன்று மாதம் ஆகிறதாம். பெரியவர்தான் சொன்னார், சுவரில் மாட்டியிருந்த படத்தைப் பார்த்துக்கொண்டு.

பத்து நாள் கழித்துப் போன் வந்தது. அந்தப் பெரிய காரை ஷோரூமிலிருந்து ஊர் வரைக்கும் மட்டும் ஓட்டித் தர வேண்டும். பைபாஸில் லாரி அதிகம். பொன்பாண்டிக்குக் கை இன்னும் பழகவில்லை.

போனார்.

அவர் உட்கார்ந்ததில் ஒரு சீட்டு குறைந்தது. தர்ஷிகா அம்மா மடியில் வந்தாள்.

சங்கரன்கோவிலில், கோயில் வாசலில் நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். நான்கும் ஒரே சமயத்தில் நசுங்கும்படி மெல்ல எடுத்தார்.

பிறகு இறங்கிக்கொண்டார். வீட்டுக்கு இன்னும் இரண்டு தெருதான். பொன்பாண்டி வந்து உட்கார்ந்தான்.

பெரியவரை இடுப்பில் கைகொடுத்து ஏற்றினார். நடு சீட்டை மடக்கித் தர்ஷிகாவைப் பின்வரிசைக்கு அனுப்பினார். சட்டைப்பையிலிருந்து ஐந்தாவது எலுமிச்சம்பழம் ஒன்றையும், நாலாக மடித்த பாலிதீன் பையையும் எடுத்து அவள் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்தார். அந்த இடம் எங்கே என்று வரும் வழியிலேயே பார்த்து வைத்திருந்தார்.

நடு சீட்டை நிமிர்த்தினார். கதவைச் சாத்தப் போன கை, பழைய வேன் ஞாபகத்தில் அதைப் பக்கவாட்டில் இழுத்தது.

வரவில்லை.

ஜெயசெல்வி உள்ளிருந்து சாத்திக்கொண்டாள்.

கொஞ்சம் தள்ளி நில்லுங்க அண்ணாச்சி என்று பொன்பாண்டி சன்னல் வழியாகச் சொன்னான். சக்கரம் காலில் ஏறிவிடக் கூடாதே என்கிற அக்கறைதான்.

தள்ளி நின்றார்.

வண்டி ஒரு குலுக்கு குலுக்கி நின்றது. மறுபடி உறுமியது. பின்னால் ஆட்டோ ஒன்று வந்துகொண்டிருந்தது. கையைக் காட்டி அதை நிறுத்தினார்.

காரின் பின்பக்கத்தில் உள்ளங்கையால் இரண்டு முறை தட்டினார்.

போகலாம்.