நாற்பத்தியோராம் நம்பர் டப்பா

முத்துச்செல்வம் மக்ரூன் பெட்டியோடு வந்து நின்றபோது விஜிலாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"எடுத்துக்கோங்க டாக்டரம்மா. குழாய் விட்டுப் பாத்துட்டாங்க. மூத்திரப்பையில ஒரு கொறையும் இல்லையாம்!"

சந்தோஷமான செய்திதான். ஆனால் அவளுடைய மூன்று வருஷ உழைப்பு மண்ணாகிப் போனதே!

சிறுநீரில் கரைந்திருக்கும் நூற்றுக்கணக்கான பொருள்களை அளந்து, சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்கு முன்கூட்டியே அடையாளம் கண்டுபிடிக்கும் ஆராய்ச்சி. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, நோயில்லாத உப்பளத்து ஆண்கள் அறுபது பேரிடம் டப்பா கொடுத்து, காலையில் வீட்டிலேயே பிடித்து வரச் சொன்னாள். அதில் முத்துச்செல்வத்தின் நாற்பத்தியோராம் நம்பர் டப்பா மட்டும் நோயாளிகளுடையதோடு அப்படியே ஒத்துப்போனது.

பதறிப்போய் அவளேதான் அவரைக் கூப்பிட்டுச் சொன்னாள். பதினைந்து நாளாக அந்த மனுஷன் சரியாகச் சாப்பிடவில்லை.

"மன்னிச்சிருங்க அண்ணாச்சி. சும்மா இருந்த ஒங்கள..."

"அட, விடுங்கம்மா. மிஷினும் மனுஷன் செஞ்சதுதான?"

கூட வந்திருந்த அவர் மனைவி சந்தனச்செல்வி மெல்லக் கேட்டாள். "பாத்ரூம் எங்கன இருக்கு மேடம்?"

"அந்தக் கடைசியில போங்கக்கா."

"இவளுக்கு எப்பவும் இதே சோலிதான்" என்று சிரித்தார் முத்துச்செல்வம். "அளத்துல பொம்பளையளுக்கு ஒதுங்க மறைவு ஏது? அடக்கி அடக்கி இப்படி ஆயிட்டு."

விஜிலாவின் காதில் அது விழவில்லை. மூன்று முறை இயந்திரத்தில் ஓட்டியும் அதே முடிவு. நம்பர் மாறவில்லை, டப்பா மாறவில்லை. இனி யாரிடம் போய்க் கேட்பது?

"அண்ணாச்சி, நெசத்தச் சொல்லுங்க. அன்னைக்கு மருந்து மாத்திரை எதும் சாப்பிட்டீங்களா?"

முத்துச்செல்வம் தலையைச் சொறிந்தார்.

"மருந்தெல்லாம் ஒண்ணுமில்ல. முந்தின நாள் பூரா வெயில்ல உப்பு வாருனேனா, காலையில ஒரு சொட்டு வரல. நீங்க அம்புட்டு தூரம் சொல்லியிருக்கீங்க, வெறும் டப்பாவோட எப்படி வர?"

மனைவி போன பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, வெட்கத்தோடு குரலைத் தாழ்த்தினார்.

"கோவிச்சுக்காதீங்கம்மா... அவதான் நெறச்சுத் தந்தா."