துணியா, டயப்பரா?

“டயப்பரே வேண்டாம். நம்ம குழந்தைக்குத் துணிதான்,” என்ற கணவன், துணி நாப்கின்களையும் ஒரு புது வாளியையும் மனைவி முன்னால் வைத்தான்.

“துணி நல்லதுதான். யார் துவைக்கிறது?” மடியில் கைக்குழந்தையுடன் அவள் கேட்டாள்.

“இதென்ன பெரிய மலையா? எங்கம்மா என்னைத் துணியிலயேதான் வளர்த்தாங்க. ஒருநாள் அலுத்துக்கிட்டிருப்பாங்களா?”

“ஒருநாள்கூட இல்லப்பா,” என்றாள் மாமியார், பெருமை பொங்க.

“கறை போகலைன்னா என்ன செய்வீங்க அத்தை?”

“அது வந்து... வெந்நீர்லதான்... நல்லா கொதிக்கக் கொதிக்க...”

“ஐயையோ, வெந்நீர் ஆகவே ஆகாது!” செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து மாமனார் பதறினார். “கறை அப்படியே பிடிச்சுக்கும். முதல்ல பச்சத்தண்ணியில அலசணும், அப்புறம்தான் சோப்பு. மிச்சத்தை வெயில் பார்த்துக்கும்.”

“உங்களுக்கு எப்படி மாமா இவ்வளவு தெரியும்?”

“இவன் நடக்கிற வரைக்கும் நான்தானேம்மா துவைச்சேன்!”

மாமியாருக்குத் திடீரென்று அடுப்பில் வைக்காத பால் ஞாபகம் வர, உள்ளே ஓடினாள்.

மருமகள் புது வாளியைக் காலால் மெல்லக் கணவன் பக்கம் தள்ளினாள்.

“சரிங்க, துணியே இருக்கட்டும். இந்த வீட்டு வழக்கத்தை நான் எதுக்கு மாத்தணும்?”