நாலு வெள்ளை, நாலு சிவப்பு

சாக்பீஸ் டப்பாவை மேசையில் கவிழ்த்தேன். நாலு வெள்ளை, நாலு சிவப்பு.

மறுபடி எண்ணினேன். அதேதான்.

வெள்ளை என்றால் கணக்கு டீச்சர் மாற்றலில் போகட்டும். சிவப்பு என்றால் பத்தாம் வகுப்புப் பரீட்சை முடியும்வரை இங்கேயே இருக்கட்டும். டீச்சரைப் போகவேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொல்ல எங்கள் பள்ளிக் கமிட்டியில் யாருக்கும் வாய் வராது. அதனால் ஆளுக்கொரு சாக்பீஸை மறைவாக டப்பாவில் போடும் இந்த ஏற்பாட்டைத் தலைமையாசிரியர் நான் கண்டுபிடித்தேன். தலைவியை விட்டால் கமிட்டியில் எட்டுப் பேர் என்பதைத்தான் யோசிக்கவில்லை. கணக்கில் நான் என்றைக்குமே மட்டம்.

சமமாக வந்தால் தலைவி முடிவு சொல்ல வேண்டும். அதுவும் வாய்விட்டு.

தலைவி தையல்காரம்மா. கழுத்தில் இஞ்ச் டேப்போடு அப்படியே வந்திருந்தார். மூன்று வருடம் கணக்குக்கு ஆளில்லாமல் கிடந்த பள்ளிக்கு மனு மேல் மனு போட்டு இந்த வேலையிடத்தை வாங்கி வந்தவர். போன வருடம்தான் முதல்முறையாகப் பாதி வகுப்பு கணக்கில் தேறியது. இப்போது டீச்சர் போனால் மாற்று ஆள் எப்போது வருவார் என்று யாருக்கும் தெரியாது.

டீச்சர் ஜன்னலுக்கு வெளியே ஸ்கூட்டரில் சாய்ந்து நின்றிருந்தார். கைப்பிடியில் இரண்டு ஹெல்மெட்.

கணவர் வேலை பார்ப்பது எட்டு மணி நேரப் பயணத்தில் ஓர் ஊரில். கல்யாணமாகி இரண்டு வருடத்தில் சேர்ந்திருந்த நாட்களை டீச்சர் கூட்டி வைத்திருந்தார். நாற்பத்தொன்று. எனக்கே பாவமாக இருந்தது.

தலைவி ஜன்னல் பக்கம் மட்டும் திரும்பவே இல்லை. டேப்பை விரலில் சுற்றினார், அவிழ்த்தார், மறுபடி சுற்றினார்.

"இருக்கட்டும் சார். பரீட்சை முடிஞ்சதும் நானே கொண்டுபோய் விட்டுட்டு வர்றேன்."

சொல்லிவிட்டுத் தீர்மானத்தில் கையெழுத்துப் போட்டார். அந்த அம்மாவைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

டீச்சருக்குச் சமாதானம் சொல்ல வெளியே ஓடினேன். மூக்கு சிவந்து நின்றார். என்னைச் சட்டை செய்யவே இல்லை. பின்னால் வந்த தலைவியின் தலையில் ஒரு ஹெல்மெட்டை வைத்து, வாரை இழுத்துப் பூட்டினார்.

"பரீட்சை முடியிற வரைக்கும் உன்கூடப் பேசமாட்டேன். மெதுவா ஏறு, முட்டி வலிக்கப்போகுது."

"சரிங்க டீச்சர்" என்று ஏறி உட்கார்ந்த தலைவி, மகளின் இடுப்பை இரண்டு கையாலும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.