சாயல்

பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒருவர் நேராகச் சுவரை நோக்கி வந்தார். நான் வரைந்த முகத்தின் முன்னால் நின்றார்.

நீலசந்திரா மைதானச் சுவரில், அந்தத் தெரு மனிதர்களின் முகங்களை எங்கள் மாலை ஓவிய வகுப்பு வரைந்துகொண்டிருந்தது. எனக்குக் கொடுத்த முகம், எதிரே இஸ்திரி வண்டி போட்டிருக்கும் முத்தம்மாக்கா.

எனக்குச் சாயல் வராது. கட்டம் போட்டு, தூரிகைக் காம்பால் அளந்து, மூக்குக்கும் உதட்டுக்கும் உள்ள தூரத்தைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்தாலும், கடைசியில் வேறு யாரோ வந்து நிற்பார்கள்.

இந்த முறை வந்துவிட்டது. சொல்லித்தரும் சிரில் சார்கூட ஒன்றும் சொல்லாமல் நகர்ந்தார். அவரிடம் அதுதான் பாராட்டு.

அக்காவுக்குத்தான் பிடிக்கவில்லை. இந்தத் தெருவுக்கு வந்து சில மாதங்கள்தான் ஆகின்றன. எந்த ஊர் என்று கேட்டால் சிரிப்பாள்.

"காதுக்குக் கீழ இருக்கிற தழும்பை மட்டும் விட்டுடு கண்ணு. அடுப்புல சுட்டுக்கிட்டது, அசிங்கமா இருக்கும்."

கூச்சம் என்று நினைத்தேன். கண்ணில் படுவதை விடாதே என்பார் சிரில் சார். பட்டாணி அளவில், அச்சு வைத்தது போன்ற வட்டம். இன்று அதையும் வரைந்திருந்தேன்.

வந்தவர் அந்த வட்டத்தையே பார்த்தார்.

"யாரும்மா இது?"

பெருமையோடு எதிர்ப்பக்கம் கைகாட்டப் போனேன்.

"தழும்பு அங்க இல்ல," என்றார். "இன்னும் ஒரு விரக்கடை கீழ."

கையிலிருந்த பீடியின் நுனியைச் சுவரில் வைத்துக் காட்டினார். தேடவில்லை. கை நேராக அங்கே போனது.

ஈரப் பெயிண்டில் ஒரு வட்டம் பதிந்தது. பட்டாணி அளவு.

என் கை பாதியில் நின்றது.

"யாருமில்லைங்க. சும்மா, மனசுல தோணினது."

அவர் சிரித்தார். "மனசுல தோணினதுக்குத் தழும்பு வருமா?"

அவர் தோளுக்கு மேலே வண்டி தெரிந்தது. அக்கா இல்லை. இஸ்திரிப் பெட்டி யாருடையதோ ஒரு வெள்ளைச் சட்டையின் மேல் கவிழ்ந்து கிடந்தது. அதிலிருந்து புகை எழுந்தது.

துணி கருகும் வாசனை சாலையைக் கடந்து வந்தது. அவர் மூக்கை உறிஞ்சினார். தலை திரும்பத் தொடங்கியது.

"அண்ணா," என்றேன். தூரிகையை நனைத்தேன். "எந்த இடம்னு சரியா சொல்லுங்க. எனக்கு எப்பவும் தப்பாத்தான் வரும்."

அவர் மறுபடி சுவரைப் பார்த்தார்.

"கீழ," என்றார்.

நான் மேலே வைத்தேன்.